இன்டர்வியூ எங்கே உடைகிறது? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தக்கலையில் எங்கள் வீட்டு முன்னறைக்கு ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் மூன்று நான்கு பிள்ளைகள் வருவார்கள். நாகர்கோவில், குலசேகரம், கருங்கல் பக்கத்துக் கல்லூரிகளில் படித்து முடித்தவர்கள், அல்லது ஓரிரு ஆண்டு வேலை பார்த்துவிட்டு வேறு இடம் தேடுகிறவர்கள். நான் 14 ஆண்டுகளாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன். அதில் பாதிக் காலம் ஆள் எடுக்கிற பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் மாதிரி நேர்காணல் வைத்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் வருகிறார்கள்.

“எப்படி இருந்துச்சு மக்கா?” என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: “நல்லாத்தான் செஞ்சேண்ணே, ஆனா கூப்பிடல்ல.”

இந்தப் பதிலை வைத்து எதையும் சரிசெய்ய முடியாது. கிணற்று மோட்டார் ஓடவில்லை என்றால் எலெக்ட்ரீஷியன் முதலில் கேட்பது, “சத்தம் வருதா, வரலையா?” என்றுதான். உறுமல் இருந்து மோட்டார் சுற்றவில்லையென்றால் கபாசிட்டரைப் பார்ப்பார். சத்தமே இல்லையென்றால் கரண்ட் வருகிறதா என்று பார்ப்பார். நேர்காணலையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். கடைசியாக விண்ணப்பித்த பத்து இடங்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றும் எந்தக் கட்டத்தில் நின்றது என்று எதிரே குறித்துக்கொள்ளுங்கள். எங்கே அதிகமாக நிற்கிறதோ, கீழே அந்தப் பகுதிக்கு முதலில் போங்கள்.

“நிறைய இடத்துக்கு அனுப்பிவிட்டேன், ஓர் அழைப்புகூட இல்லை”

கோளாறு உங்கள் அறிவில் இருக்க வாய்ப்பு குறைவு, ஏனென்றால் அதை இன்னும் யாரும் சோதித்துப் பார்க்கவே இல்லை. ரெஸ்யூமேயைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரு சின்னச் சோதனை. உங்கள் ரெஸ்யூமே பிடிஎஃப்பைத் திறந்து, முழுவதையும் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். பல நிறுவனங்களில் மனிதர் படிப்பதற்கு முன் ஒரு மென்பொருள் அதைப் படித்துப் பெயர், படிப்பு, திறன் என்று பிரித்து வைக்கிறது. நோட்பேடில் எப்படி விழுகிறதோ, ஏறக்குறைய அப்படித்தான் அதற்கும் தெரியும். இரண்டு பத்தியாகப் பிரித்து அழகுபடுத்திய ரெஸ்யூமேயில் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் கலந்து வந்து விழலாம். கடையில் ஸ்கேன் செய்ததாக இருந்தால் ஒரு எழுத்துகூட ஒட்டாது. ஒற்றைப் பத்தியாக, சாதாரணத் தலைப்புகளோடு மாற்றி எழுதிவிடுங்கள்.

அப்பா பெயர், மதம், திருமண நிலை, கீழே ஓர் உறுதிமொழி, கையெழுத்து இவை எதுவும் வேண்டாம். அந்த இடத்தில் நீங்கள் செய்த வேலையைப் பற்றி நான்கு வரி கூடுதலாக எழுதலாம். ஊர் என்ற இடத்தில் மார்த்தாண்டம் என்று மட்டும் போட்டால், திருவனந்தபுரத்திலோ பெங்களூரிலோ ஆள் தேடுகிறவருடைய பட்டியலில் நீங்கள் வராமலே போகலாம். எந்தெந்த ஊருக்கு வரத் தயார் என்று வெளிப்படையாக எழுதுங்கள். நௌக்ரி போன்ற தளங்களில் அண்மையில் யார் புதுப்பித்தார்கள் என்று வடிகட்டிப் பார்க்கிற வசதி ஆள் எடுப்பவர்களுக்கு உண்டு. ஆறு மாதமாகத் தொடாத புரொஃபைல் கண்ணில் படுவது கடினம்.

இன்னொன்று, நம் குமரி மாவட்டத்துக்கு வாய்த்த வசதி. 1990இல் தொடங்கிய திருவனந்தபுரத்து ஐடி பூங்காவான டெக்னோபார்க் நமக்கு அரை நாள் பயணத்துக்குள் இருக்கிறது. அங்கே உள்ள நிறுவனங்களின் காலியிடங்களை டெக்னோபார்க்கின் சொந்த இணையதளமே வெளியிடுகிறது. உங்கள் கல்லூரி சீனியர் ஒருவராவது அங்கே இருப்பார். அவரிடம் “வேலை இருந்தா சொல்லுங்கண்ணா” என்று பொதுவாகச் சொன்னால் மறந்துவிடுவார். குறிப்பிட்ட காலியிடத்தின் இணைப்பையும் ரெஸ்யூமேயையும் சேர்த்து அனுப்பி, “இதற்கு என்னைப் பரிந்துரைக்க முடியுமா அண்ணா?” என்று கேளுங்கள். அவர் செய்ய வேண்டியது ஐந்து நிமிட வேலையாகிவிடும்.

“ஆன்லைன் டெஸ்டில் மாதிரி விடை சரியாக வருகிறது, சமர்ப்பித்தால் தோல்வி”

கண்ணுக்குத் தெரியாத சோதனைகளில் அடிபடுகிறீர்கள். இரண்டு காரணங்கள்தான் திரும்பத் திரும்ப வரும்.

முதலாவது, ஓரத்து நிலைகள். பட்டியல் காலியாக இருந்தால்? ஒரே ஓர் எண் இருந்தால்? எல்லாமே ஒரே எண்ணாக இருந்தால்? கழித்தல் குறியோடு வந்தால்? ஜாவாவிலும் சி பிளஸ் பிளஸிலும் முழு எண்ணுக்கான சாதாரண இன்ட் வகை 2,147,483,647 வரைதான் தாங்கும், அதாவது சுமார் 214 கோடி. கூட்டுத்தொகை அதைத் தாண்டினால் பிழை எதுவும் காட்டாமல் விடை தவறிவிடும். ஜாவாவில் லாங், சி பிளஸ் பிளஸில் லாங் லாங் போட வேண்டும். பைத்தானில் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது, நேரம். கேள்வியின் அடியில் சின்ன எழுத்தில் எத்தனை எண்கள் வரலாம் என்று போட்டிருப்பார்கள். அதைத்தான் முதலில் படிக்க வேண்டும். 1 லட்சம் எண்கள் என்றால், லூப்புக்குள் லூப் 1,000 கோடி முறை சுற்றும். ஓரிரு நொடி அவகாசத்தில் சி பிளஸ் பிளஸே ஏறக்குறைய பத்து இருபது கோடி எளிய செயல்களைத்தான் செய்து முடிக்கும், பைத்தான் அதைவிட வெகு குறைவு. அந்தச் சின்ன எழுத்து, எந்த வழி செல்லாது என்பதைக் கேள்வியிலேயே சொல்லிவிடுகிறது.

“விடை சரியாகச் சொன்னேன், எழுதிய கோடும் (code) ஓடியது, ஆனாலும் எடுக்கவில்லை”

இந்த இடத்தில்தான் நான் அதிக நேரம் நிற்கப் போகிறேன். அறிவு குறைந்து தோற்ற பிள்ளைகளைவிட, அறிவு வெளியே கேட்காமல் தோற்ற பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித் தோற்றவன்தான்.

என் முதல் நேர்காணல் திருவனந்தபுரத்தில். ஒரு பட்டியல், ஒரு தொகை. பட்டியலில் எந்த இரண்டு எண்களைக் கூட்டினால் அந்தத் தொகை வருமோ, அவற்றின் இடங்களைச் சொல்ல வேண்டும். பேப்பரை வாங்கி, தலை குனிந்து, 20 நிமிடம் எழுதினேன். எதிரில் இருந்தவர் இரண்டு முறை, “என்ன யோசிக்கிறீர்கள்?” என்று கேட்டார். இரண்டு முறையும் “ஒரு நிமிஷம் சார்” என்றேன். கடைசியில் கொடுத்த விடை சரியானது. ஆனால் அழைப்பு வரவில்லை. வீட்டில் அம்மாவிடம், “சிபாரிசு இருந்தாத்தான் எடுப்பாங்க” என்று சொல்லி அழுதது நினைவிருக்கிறது.

சில ஆண்டுகள் கழித்து, வேறு ஓர் அலுவலகத்தில் ஆள் எடுக்க என்னை உட்கார வைத்தபோது ஒரு படிவம் தந்தார்கள். கேள்வியைப் புரிந்துகொண்டாரா, எந்த வழிகளை யோசித்தார், ஏன் இதைத் தேர்ந்தார், எப்படி விளக்கினார், தானே சோதித்தாரா என்று வரிசையாகக் கட்டங்கள். ‘விடை சரியா’ என்பது அதில் ஒரே ஒரு கட்டம். வாய் திறக்காமல் எழுதியவருக்கு மற்றக் கட்டங்களில் நான் என்ன எழுதுவது? என் முதல் நேர்காணலில் என்ன நடந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதே கேள்வியை வாய் திறந்து செய்தால் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன்.

எழுதுவதற்கு முன் கேட்க வேண்டியவை: “எண்கள் வரிசையாக இருக்குமா? ஒரே இடத்து எண்ணை இரண்டு முறை சேர்க்கலாமா? ஜோடியே இல்லையென்றால் என்ன திருப்பித் தர வேண்டும்?” இந்த மூன்று கேள்விக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கேள்வி உங்களுக்குப் புரிந்துவிட்டது என்பது அதற்குள் அவருக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து, எளிய வழியைச் சொல்லிவிடுங்கள்: “ஒவ்வோர் எண்ணையும் மற்ற எல்லாவற்றோடும் கூட்டிப் பார்க்கலாம். 10,000 எண்கள் என்றால் ஏறக்குறைய 5 கோடி ஜோடிகள். வேலை செய்யும், ஆனால் மெதுவாக. இதைவிட நல்ல வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன்.”

பிறகு நல்ல வழி: “ஒவ்வோர் எண்ணுக்கும் தேவையான ஜோடி எது என்று கழித்துப் பார்த்தால் தெரியும். ஏற்கெனவே பார்த்த எண்களை ஹாஷ் மேப்பில் போட்டு வைத்தால், ஜோடி அதில் இருக்கிறதா என்று உடனே கேட்கலாம். ஒரே சுற்றில் முடியும். அதற்கு ஈடாகக் கூடுதல் நினைவகம் செலவாகும்.”

இனி ஓர் எடுத்துக்காட்டைக் கையால் ஓட்ட வேண்டும். பட்டியல் 3, 8, 5, 7. தொகை 10. முதலில் 3, தேவை 7, இன்னும் பார்க்கவில்லை, 3ஐப் போட்டு வைக்கிறேன். அடுத்து 8, தேவை 2, இல்லை, போட்டு வைக்கிறேன். அடுத்து 5, தேவை 5.

இங்கே நிறுத்துங்கள். முதலில் போட்டுவிட்டுப் பிறகு தேடினால், 5 தன்னையே ஜோடியாகக் கண்டுபிடித்துவிடும். தவறான விடை. முதலில் தேடிவிட்டு, இல்லையென்றால்தான் போட வேண்டும். கோடில் இரண்டு வரிகள் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். இந்தப் பிழையை நீங்களே, சத்தமாக, எழுதி முடித்த உடனே கண்டுபிடித்தால் அந்தப் படிவத்தில் கடைசிக் கட்டம் நிறைந்துவிடும். சரி, தொடர்ந்தால் கடைசியில் 7, தேவை 3, பார்த்திருக்கிறோம். இடங்கள் 0, 3 (எண்ணுவது 0இலிருந்து).

இப்படிப் பேசிக்கொண்டே செய்வது முதல் நாளில் வராது. வீட்டில் யாரிடமாவது, தமிழிலேயே, ஒரு கணக்கை விளக்கிப் பழகுங்கள். அம்மாவுக்கு ஹாஷ் மேப் தெரிய வேண்டியதில்லை. “தேடிட்டுப் போடணும்” என்பது அவருக்குப் புரிகிற மாதிரிச் சொல்ல முடிந்தால், நேர்காணல் எடுப்பவருக்கும் சொல்ல முடியும். போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள். எவ்வளவு நேரம் வெறுமையாகப் போகிறது என்று தெரியும். யோசிக்க நேரம் கேட்பதில் தப்பே இல்லை. “ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சொல்கிறேன், இரண்டு வழிகளை ஒப்பிடுகிறேன்” என்று சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். நான் சொன்ன “ஒரு நிமிஷம் சார்”இல் அந்தப் பின்பாதிதான் இல்லாமல் போனது.

“கேள்வியைக் கேட்டதும் மூளை மரத்துப்போகிறது”

கேள்வியை உங்கள் சொற்களில் திருப்பிச் சொல்லுங்கள். நான்கே எண்களை வைத்து விடையைக் கையால் கண்டுபிடியுங்கள். கை எப்படிச் செய்ததோ அதையே படிப்படியாகச் சொன்னால் எளிய வழி வந்துவிடும். மெதுவான வழியானாலும் அதை எழுதி முடியுங்கள்.

குறிப்பு கொடுத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். “அந்த லூப் உண்மையில் தேவையா?” என்று அவர் கேட்டால், பத்துக்கு எட்டு தடவை அது தேவையில்லை என்பதுதான் பொருள். தேவைதான் என்று வாதாடித் தோற்ற நல்ல பிள்ளைகளைப் பார்த்து எனக்கு மனம் கனத்திருக்கிறது.

“முதல் கேள்விக்குச் சொல்லிவிட்டேன், அடுத்த கேள்வியில் நின்றுவிட்டேன்”

மனப்பாடத்தின் அடையாளம் இது. டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்க்யூஎல்லில் எல்லோரும் படித்துவிட்டுப் போகும் கேள்வி, இரண்டாவது அதிகச் சம்பளம் எது என்பது. இறங்கு வரிசையில் அடுக்கி, ஒன்றைத் தாண்டி, அடுத்ததை எடு என்று டக்கென்று எழுதுவார்கள். “சம்பளங்கள் 50,000, 50,000, 40,000 என்றால் என்ன வரும்?” என்று கேட்டால் முகம் மாறிவிடும். அந்தக் கோடு 50,000 என்றுதான் தரும். டிஸ்டிங்க்ட் போட்டு ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கினால்தான் 40,000 வரும். துறைவாரியாகக் கேட்டால் டென்ஸ் ரேங்க் வேண்டும். வெறும் ரேங்க் போட்டால் 1, 1, 3 என்று எண் தாவும், இரண்டாவது இடமே இருக்காது. டென்ஸ் ரேங்க் 1, 1, 2 என்று தரும்.

இரண்டு டேபிள்களை இணைக்கும் லெஃப்ட் ஜாயினிலும் ஒரு பள்ளம் உண்டு. வாடிக்கையாளர் எல்லோரும் வர வேண்டும், ஆர்டர் இல்லாதவர்களும் வர வேண்டும் என்று லெஃப்ட் ஜாயின் போட்டுவிட்டு, ஆர்டர் தேதிக்கான நிபந்தனையை ‘வேர்’ (WHERE) பகுதியில் எழுதிவிடுவார்கள். ஆர்டர் இல்லாதவர்களுக்குத் தேதி ‘நல்’ (NULL, மதிப்பே இல்லாத நிலை) என்று இருக்கும், அது எந்த ஒப்பீட்டிலும் தேறாது. அவர்கள் எல்லோரும் உதிர்ந்துவிடுவார்கள், லெஃப்ட் ஜாயின், இரண்டு பக்கமும் பொருந்துபவற்றை மட்டும் தருகிற இன்னர் ஜாயினாக மாறிவிடும். நிபந்தனையை ‘ஆன்’ (ON) பகுதியில் எழுத வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட, ஐந்து வரி டேபிள் ஒன்றை உருவாக்கி இரண்டு விதமாகவும் ஓட்டிப் பாருங்கள். பத்து நிமிட வேலை. அதன் பிறகு “ஏன்?” என்று யார் கேட்டாலும் உங்கள் கண் பார்த்ததைச் சொல்வீர்கள்.

தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள். கூடவே, “இது நான் பயன்படுத்தியதில்லை, ஆனால் பெயரைப் பார்த்தால் இப்படி வேலை செய்யும் என்று நினைக்கிறேன்” என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும்.

“ப்ராஜெக்ட் பற்றிக் கேட்டதும் மாட்டிக்கொண்டேன்”

மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று கோளாறுகள். ஒன்று, நான்கு பேர் சேர்ந்து செய்ததில் தன் பங்கு எது என்று பிரித்துச் சொல்லத் தெரியாதது. “நாங்கள் செய்தோம், நாங்கள் செய்தோம்” என்றே போகும். எந்தப் பக்கத்தை நீங்கள் எழுதினீர்கள், எதை நண்பர் எழுதினார் என்று சொல்வதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. இரண்டு, ரெஸ்யூமேயில் திறன்கள் என்று இருபது பெயர்களை அடுக்குவது. அங்கே எழுதிய ஒவ்வொரு சொல்லும் நீங்களே அழைத்து வைத்த கேள்வி. ஒரு முறை வீடியோ பார்த்த குபர்னெட்டிஸை எழுதாதீர்கள்.

மூன்றாவது, பணம் கொடுத்து வாங்கிய ப்ராஜெக்ட். இதை மழுப்பாமல் சொல்கிறேன். வாங்கியது என்று கேள்வி கேட்பவருக்கு ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதை ரெஸ்யூமேயிலிருந்து எடுத்துவிடுங்கள், அல்லது இரண்டு வாரம் உட்கார்ந்து அதே யோசனையை உங்கள் கையால் மறுபடி எழுதுங்கள். பஸ் டிக்கெட் முன்பதிவு என்றால், “12ஆம் எண் இருக்கையை இரண்டு பேர் ஒரே நொடியில் அழுத்தினால் யாருக்குக் கிடைக்கும்?” என்ற கேள்வி நிச்சயம் வரும். இருக்கை காலியா என்று பார்ப்பதற்கும் அதைப் பதிவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் இருவருக்குமே காலி என்று தெரியும். டேட்டாபேஸில் பயணமும் இருக்கையும் சேர்ந்து ஒரு முறைதான் வரலாம் என்று யூனிக் கட்டுப்பாடு போட்டிருந்தால், இரண்டாவது பதிவு தானே நிராகரிக்கப்படும். இதைத் தானே எழுதியவர் ஒரு முறையாவது முட்டி நின்றிருப்பார்.

குளச்சல் பக்கத்துப் பெண் ஒருத்தி வந்திருந்தாள். ரெஸ்யூமேயில் முதலில் நூலக மேலாண்மை, அடுத்து மருத்துவமனை மேலாண்மை. எல்லோரிடமும் இருப்பவை. பேச்சோடு பேச்சாக, அப்பாவின் மீன் ஏலக் கணக்குக்காகப் போனில் ஒரு சின்ன ஆப் செய்து கொடுத்திருப்பதாகச் சொன்னாள். “அதைப் போடவே இல்லையேம்மா?” என்றேன். “அது சும்மா வீட்டுக்குச் செஞ்சதுண்ணே” என்றாள்.

கடற்கரையில் சிக்னல் விட்டு விட்டு வருமாம். அதனால் கணக்கை முதலில் போனிலேயே சேமித்து, சிக்னல் வந்ததும் சர்வருக்கு அனுப்புகிற மாதிரி எழுதியிருக்கிறாள். ஒரு நாள் ஒரே ஏலம் இரண்டு முறை கணக்கில் ஏறிவிட்டது. சர்வர் பதிந்துவிட்டது, ஆனால் “பதிந்துவிட்டேன்” என்ற பதில் போனுக்கு வருவதற்குள் சிக்னல் போய்விட்டது, போன் மறுபடி அனுப்பிவிட்டது. அவளே கண்டுபிடித்து, ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் சர்வர் புதிதாகப் பதியாமல் இருக்கும்படி மாற்றியிருக்கிறாள். பணப் பரிமாற்ற மென்பொருள் எழுதுகிறவர்கள் நாள்தோறும் முட்டி மோதுகிற சிக்கல் இது. அதை ரெஸ்யூமேயில் முதல் இடத்துக்குக் கொண்டுவந்தோம். அடுத்த நேர்காணலில் பாதி நேரம் அந்த ஏலக் கணக்கைப் பற்றித்தான் கேட்டார்களாம். வேலை கிடைத்தது.

ரப்பர் பால் கணக்கு, சர்ச் வரி நோட்டு, அக்காவின் டியூஷன் வருகைப்பதிவு என்று உங்கள் வீட்டைச் சுற்றியும் இப்படி ஒன்று இருக்கும். உண்மையில் ஒருவர் பயன்படுத்துகிற சின்னது, யாரும் திறக்காத பெரியதைவிட நல்லது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

“பதில் தெரியும், ஆங்கிலத்தில் வரவில்லை”

பெரும்பாலும் கோளாறு ஆங்கிலத்தில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. நம் ஊர்ப் பேச்சு வேகமானது, பதற்றத்தில் இன்னும் வேகமாகும். “பைய பேசு மக்கா” என்பதுதான் நான் அதிகம் சொல்லும் திருத்தம். சின்ன வாக்கியங்கள் போதும். இலக்கணம் தவறினாலும் பொருள் தெளிவாக இருந்தால் தொழில்நுட்பச் சுற்றில் யாரும் மதிப்பெண் குறைப்பதில்லை.

புரியாத கேள்விக்கு “யெஸ் சார்” என்று தலையாட்டுவதுதான் உண்மையான ஆபத்து. திரும்பக் கேளுங்கள். திருவனந்தபுரத்தில் சிலர் மலையாளத்தில் பேசி இயல்பாக்குவார்கள். குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது எளிதாக வரும். அதில் தவறில்லை, ஆனால் தொழில்நுட்பக் கேள்வி தொடங்கியதும் அவர் எந்த மொழியில் கேட்கிறாரோ அந்த மொழிக்கு வந்துவிடுங்கள்.

உங்களைப் பற்றிச் சொல்லச் சொன்னால் அப்பாவின் தொழில், அம்மா இல்லத்தரசி, பொழுதுபோக்கு கிரிக்கெட் என்று ஒப்பிக்க வேண்டாம். என்ன படித்தேன் அல்லது இப்போது என்ன வேலை செய்கிறேன், நானே செய்ததில் ஒன்று, இந்த வேலைக்கு ஏன் வந்தேன். ஒரு நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

“இணையவழி நேர்காணல் நடுவில் அறுந்துபோனது”

இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. ஜூனிலும் பெய்யும், ஐப்பசியிலும் பெய்யும். காற்றுக்கு ஒரு ரப்பர் மரக்கிளை கம்பியில் விழுந்தால் போதும், கரண்ட் போய்விடும். அப்போது அறுவது பெரும்பாலும் ஃபைபர் இணைப்பு அல்ல, வீட்டில் இருக்கிற மோடத்துக்கு மின்சாரம் போய்விடுகிறது, அவ்வளவுதான். ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. மோடத்தின் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறதோ, அதே வோல்ட்டுக்குத்தான் வாங்க வேண்டும். அதோடு வேறு கம்பெனி சிம் உள்ள போனில் ஹாட்ஸ்பாட்டை முந்தைய நாளே சோதித்து வையுங்கள். மழையன்று ஒரு டவர் போனாலும் இன்னொன்று இருக்கும்.

ப்ளூடூத் ஹெட்செட்டில் பாட்டு நன்றாகக் கேட்கும், ஆனால் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்தும்போது ஒலித்தரம் இறங்கிவிடுவது வழக்கம். ஒயர் வைத்த இயர்போன் நல்லது. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கறுத்துத் தெரியும், ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். ஸ்கிரீனைப் பகிரும் முன் வாட்ஸ்அப்பை மூடுங்கள். கோயில் கொடையோ சர்ச் திருவிழாவோ இருக்கிற வாரமா என்று பாருங்கள். குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தால் அன்றைக்கு அத்தை வீட்டுக்குப் போய்விடுவதுதான் சரி. ஆள் எடுப்பவரின் போன் எண்ணை முன்பே வாங்கி வைத்து, அறுந்தால் ஒரு நிமிடத்துக்குள் செய்தி அனுப்புங்கள். கரண்ட் போனதற்காக யாரையும் கழிப்பதில்லை, சொல்லாமல் காணாமல் போனால்தான் கழிப்பார்கள்.

பக்கத்தில் இன்னொரு திரை வைத்து ஏஐயிடம் கேட்டுப் படிப்பதைப் பற்றி. தெரிந்துவிடும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே அளவு மௌனம், பிறகு குறையே இல்லாத பதில், கண் மட்டும் இடமிருந்து வலம் போகும். “இந்த ஒரு வரியை மாற்றினால் என்ன ஆகும்?” என்று கேட்டால் அங்கேயே முடிந்துவிடும். பயிற்சிக்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். தேர்வு நேரத்தில் மூடிவிடுங்கள்.

“நேரில் போகும்போதே தாமதம், பதற்றம்”

டெக்னோபார்க் இருக்கிற கழக்கூட்டத்தில் எல்லா ரயிலும் நிற்காது. திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்கினால் அங்கிருந்து இன்னொரு பயணம் இருக்கிறது. சாலை வழி என்றால் களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஒவ்வோர் இடத்திலும் நேரம் போகும். கேரளத்தில் ஹர்த்தால் அறிவித்திருக்கிறார்களா என்று முந்தைய இரவு பாருங்கள். காலை ஒன்பது மணிக்கு நேர்காணல் என்றால், முடிந்தால் முந்தைய நாளே போய் நண்பர் அறையில் தங்கிவிடுங்கள்.

“கடைசிச் சுற்றில் சம்பளப் பேச்சில் குழம்பிவிட்டேன்”

ஆண்டுக்கு 4,20,000 சிடிசி (உங்களுக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகை) என்றால் மாதம் 35,000 கைக்கு வரும் என்று கணக்குப் போட்டு வீட்டில் சொல்லிவிடுகிறார்கள். வராது. சிடிசிக்குள் நிறுவனம் கட்டும் பிஎஃப் பங்கு, அதாவது அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம், சேர்ந்திருக்கும். கிராஜுவிட்டிக்கென்று அதே அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், இன்ஷூரன்ஸ், செயல்திறன் பார்த்துத் தரும் தொகை எல்லாமும் அதற்குள் இருக்கலாம். உங்கள் பங்கு பிஎஃப் தனியாகப் பிடிப்பார்கள். “நிலையான மாதத் தொகை எவ்வளவு, செயல்திறனைப் பொறுத்தது எவ்வளவு?” என்று கேளுங்கள். இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

பழைய சம்பளத்தையோ வேலை பார்த்த தேதிகளையோ கூட்டிச் சொல்லாதீர்கள். யுஏஎன் (பிஎஃப்புக்கான உங்கள் எண்) கணக்கில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் இருக்கின்றன, பின்னணி சரிபார்ப்பில் அவை வெளியே வரும். வேலைக்குச் சேர்ந்த பிறகு வெளியே அனுப்பப்படுவது, கிடைக்காமல் போவதைவிடக் கொடுமை.

“உங்களுக்கு ஏதாவது கேள்வி இருக்கிறதா?” என்றால் “இல்லை சார்” என்று எழுந்துவிட வேண்டாம். முதல் மூன்று மாதம் நான் என்ன வேலை செய்வேன், நான் எழுதுகிற புரோகிராமை யார் பார்த்துத் திருத்துவார்கள் என்ற இரண்டு கேள்வி போதும். அந்தப் பதில்கள் உங்களுக்குத்தான் வேண்டும்.

“தேர்வாகிவிட்டதாக மெயில் வந்தது, பணம் கட்டச் சொல்கிறார்கள்”

கட்டாதீர்கள். பயிற்சிக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், ஆவணச் சரிபார்ப்பு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கட்டாதீர்கள். மெயில் எந்த முகவரியிலிருந்து வந்தது என்று பாருங்கள். நிறுவனத்தின் சொந்த இணையதள முகவரியும் மெயிலில் அட் குறிக்குப் பின் வருகிற பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஜிமெயிலில் வருகிற ஆஃபரை நம்ப வேண்டாம். ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். சைபர் குற்றத்துக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்தி வைக்க வாய்ப்பு கூடும். ஒரிஜினல் சர்டிபிகேட்டையும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டிச் சரிபார்க்கலாம், நகல் கொடுக்கலாம்.

“என்ன தப்பு என்றே தெரியவில்லை”

ஒரு வாரம் பொறுத்து ஒரே ஒரு மெயில் அனுப்பலாம், நன்றி சொல்லி, எதில் மேம்பட வேண்டும் என்று கேட்டு. பலர் பதில் போட மாட்டார்கள். அதனால் உங்கள் குறிப்பை நீங்களேதான் எழுத வேண்டும், அதுவும் அன்றைக்கே.

என்னிடம் வருகிற தம்பி ஒருவன் திருவனந்தபுரத்திலிருந்து திரும்பும் ரயிலிலேயே நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துவிடுவான். கேட்ட கேள்விகள், எங்கே நின்றது, அப்போது என்ன செய்தேன் என்று மூன்று கட்டம். போன ஞாயிறு அந்த நோட்டைக் காட்டினான். ஆறாவது நேர்காணல் வரை “கேள்வி புரியல்ல, கேட்காம எழுதத் தொடங்கிட்டேன்” என்ற ஒரே வரி பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. ஏழாவதில் அது இல்லை. அங்கே “டென்ஸ் ரேங்க் மறந்துபோச்சு” என்று இருந்தது. பாறசாலையில் எழுதத் தொடங்கினால் இரணியலில் இறங்குவதற்குள் முடிந்துவிடும் என்கிறான்.